இரவல் கோபம்

ஒரு பழத்துக்காக ஒருவன் வீட்டை விட்டுப் போவானா? பழனிக் கதையைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் ஏதோ ஒரு வயதில் இதைக் கேட்கத்தான் செய்கிறார்கள். பெரியவர்களிடம் ஆயத்தமாக ஒரு விடை இருக்கும்: அது சாதாரணப் பழம் அல்ல, ஞானப்பழம். கேட்ட குழந்தை அத்துடன் அடங்கிவிடும். ஆனால் கேள்வி நியாயமானது என்றே எனக்கு எப்போதும் தோன்றி வந்திருக்கிறது. கதையில் காரணம் சிறியது, விளைவு பெரியது. உலகை வலம்வந்து களைத்துத் திரும்பிய ஒரு சிறுவன் அழலாம், அடம்பிடிக்கலாம், அண்ணனோடு இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். கோவணத்தோடும் கோலோடும் மலையேறி, இனி உங்கள் உறவே வேண்டாம் என்று நிற்பது அந்தக் காரணத்துக்கு மிஞ்சிய செயல். இந்த மிகையை நம் காதுகள் பழகிவிட்டதனால் கவனிப்பதில்லை.

கதையை அறியாத தமிழர் இருக்க முடியாது என்றாலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதன் எலும்புகளை மட்டும் நினைவுபடுத்திக்கொள்கிறேன். நாரதர் ஒரு பழம் கொண்டு வருகிறார். அதைப் பகிர்ந்து தரலாகாது. உலகை முதலில் சுற்றி வருபவனுக்கே பழம். இளையவன் மயிலேறிப் பறக்கிறான். மூத்தவன் தாய் தந்தையரைச் சுற்றிவந்து, இவர்களே உலகம் என்கிறான். பழம் அவனுக்குப் போகிறது. இளையவன் சினந்து தென்திசை வந்து ஒரு குன்றின்மேல் நிற்கிறான். பெற்றோர் தேடி வந்து ‘பழம் நீ’ என்கிறார்கள், ஊர்ப்பெயர் பிறக்கிறது. 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் ஏ.பி. நாகராஜன் இதையே முகப்பாக வைத்துக்கொண்டார். ஔவையாராக வந்த கே.பி. சுந்தராம்பாளின் குரல், கதைக்கு ஒரு முடிவான வடிவத்தையும் கொடுத்துவிட்டது. சிவன் ஆடிய விளையாடல்களெல்லாம் அந்தப் படத்தில், கோபித்துக்கொண்ட பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தாய் சொல்லும் கதைகளாகவே வருகின்றன. பரஞ்சோதி முனிவரின் நூலில் இப்படியொரு சட்டகம் கிடையாது. கதை சொல்லியாக நாகராஜனின் நுட்பம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் திருமுருகாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தபோது, பூம்பாறையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி எழுந்தாள். ஆவினன்குடிப் பகுதி முடிந்திருந்தது. “மேடம், பழம் எங்க மேடம்?” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மூன்றாம் படைவீட்டைப் பற்றிய பாட்டில் அந்தப் படைவீட்டின் கதை இல்லையே என்பது அவள் ஐயம்.

இல்லைதான். நக்கீரர் காட்டும் ஆவினன்குடியில் பழமும் இல்லை, பந்தயமும் இல்லை, ஆண்டியும் இல்லை. அங்கே முருகன் கற்பிற் சிறந்த மனைவியோடு சில நாள் தங்கியிருக்கிறான். அவனைக் காண ஒரு பெரிய ஊர்வலம் வருகிறது. தவத்தால் உடல் வாடிய முனிவர்கள் முன்னே நடக்கிறார்கள், யாழிசைப்போர் பின்தொடர்கிறார்கள், திருமால் வருகிறான், உமையோடு விளங்கும் சிவன் வருகிறான், இந்திரன் வருகிறான். நான்முகனின் பொருட்டு ஒரு வேண்டுகோளோடு அவர்கள் வந்திருக்கிறார்கள். இந்தக் காட்சியை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். தந்தை ஆவினன்குடிக்கு வந்து மகனைக் காண்பது என்னும் நிகழ்ச்சி, பழக்கதைக்கு வெகுகாலம் முன்பே அந்த மண்ணில் இருந்திருக்கிறது. ஆனால் அப்போது அவர் வந்த காரணம் வேறு.

அகநானூற்றின் முதற்பாட்டிலேயே மாமூலனார் நெடுவேள் ஆவியின் பொதினியைப் பாடிவிடுகிறார். பொதினி என்பதே பழனி என மருவியது என்பர். பழனம் என்றால் வயல். அதிலிருந்து பெயர் வந்தது என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் ‘பழம் நீ’ என்பது பெயர் வந்தபின் பெயருக்காகப் பிறந்த விளக்கம். பெயர் தன் ஓசையால் ஒரு பழத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டது என்று சொல்லலாம். சரி, இழுத்துக்கொண்ட பழம் எங்கிருந்து வந்தது?

முருகனைப் பற்றிய பெருங்காப்பியம் என்று நாம் கருதும் கச்சியப்பரின் கந்தபுராணத்தில் தேடினால் ஏமாற்றம்தான். ஆறு காண்டங்கள் கொண்ட அந்த மாபெரும் நூலில் சிறுவன் முருகனின் சினம் பிரமன்மேல் பாய்கிறது, சூரன்மேல் பாய்கிறது, பெற்றோர்மேல் பாய்வதில்லை. நூல் வள்ளியின் திருமணத்தில் வந்து நிறைகிறது. பழப்பந்தயம் கிடையாது. முருகனின் கதை என்று தமிழ்க் குழந்தை முதலில் கேட்பது முருகனின் புராணத்தில் இல்லை என்பதை முதுகலை வகுப்பில் சொன்னால் இன்றும் நம்ப மறுக்கும் முகங்களைப் பார்க்கிறேன்.

பழம் இருக்கும் இடம் வேறு. பதினோராம் திருமுறையில், திருநாரையூர் விநாயகர்மேல் நம்பியாண்டார் நம்பி பாடிய இரட்டைமணிமாலையில் ஒரு வெண்பா. நம்பியின் காலத்தைப் 10, 11ஆம் நூற்றாண்டுகளில் வைப்பது வழக்கம். வள்ளியின் கணவன் வந்து சேர்வதற்குள் நாரையூர்ப் பெருமானையே வலம்செய்து மாங்கனியைப் பெற்றுக்கொண்ட கையை உடையவனே, என் நோய் தீர்க்கமாட்டாயா என்று கேட்பது அதன் பொருள். நான்கு அடிகளுக்குள் பந்தயம், வலம்வருதல், மாங்கனி எல்லாம் வந்துவிடுகின்றன. வராத ஒன்று உண்டு: தோற்றவனின் கோபம். அவன் வந்தானா, வந்தபின் என்ன செய்தான் என்பதில் நம்பிக்கு அக்கறை இல்லை. பழனி என்ற பேச்சும் இல்லை. இது பிள்ளையாரின் கதை. தம்பி அதில் பந்தயத்துக்குத் தேவைப்படும் இரண்டாம் ஆள், அவ்வளவே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோற்றவனை நம்பி குறிக்கும் முறை: வள்ளியின் கொழுநன். ஏற்கனவே மணமானவன்! வெண்பாவின் எதுகைக்காக வந்த தொடர் என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தத் தொடரை வைத்துக்கொண்டு வடக்கே போனால் வேறொரு கதவு திறக்கிறது.

சிவபுராணத்தின் உருத்திர சங்கிதையில் குமார காண்டம் என்றொரு பகுதி உண்டு. சிவபுராணம் ஒரே மூச்சில் எழுதப்பட்டதல்ல; இடைக்காலத்தில் பல அடுக்குகளாகச் சேர்ந்தது. (மாணிக்கவாசகரின் சிவபுராணத்தை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) குமார காண்டத்தின் இறுதி அத்தியாயங்களில் அதே பந்தயம் வருகிறது. அதே இரு மகன்கள், அதே உலகம் சுற்றல், அதே பெற்றோரை வலம்வரல். தாய் தந்தையரைச் சுற்றுவது பூமியைச் சுற்றுவதற்கு ஈடு என்று வேதமும் சாத்திரமும் சொல்கின்றன, அது பொய்யென்றால் அவையும் பொய்யா என்று வக்கீல் போல வாதிடும் மூத்தவன். எல்லாம் அதேதான். பரிசு மட்டும் வேறு. அங்கே பழம் இல்லை. இருவரில் யாருக்கு முதலில் திருமணம் என்பதே பந்தயம்.

மூத்தவன் வெல்கிறான். விசுவரூபப் பிரசாபதியின் மகள்களான சித்தி, புத்தி இருவரையும் மணக்கிறான். குழந்தைகளும் பிறந்துவிடுகின்றன, சேமன், இலாபன் என்று பெயர். இளையவன் அப்போதும் பூமியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறான்! அவன் திரும்பும் வழியில் நாரதர் எதிர்ப்பட்டு, உன் பெற்றோர் உனக்குச் செய்ததைப் போல் வேறு யாரும் செய்யமாட்டார்கள் என்று தூபம் போடுகிறார். குமரன் பெற்றோரை வணங்குகிறான். அவர்கள் தடுத்தும் கேளாமல் கிரௌஞ்ச மலைக்குப் போய்விடுகிறான். அன்றிலிருந்து அவன் மணமாகாதவன், குமாரன்.

இங்கே கோபம் அளவோடு பொருந்துகிறது. ஒருவனை நெடும்பயணம் அனுப்பிவிட்டு, அவன் வருவதற்குள் வீட்டில் கல்யாணத்தை முடித்து, பேரப்பிள்ளைகளையும் கொஞ்சிக்கொண்டிருந்தால் அவன் வீட்டை விட்டுப் போகத்தான் செய்வான். குழந்தைக்குச் சொல்லும் விளக்கம் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஞானம் என்ற அடைமொழியும் வேண்டியதில்லை.

என் எண்ணம் இதுதான். பழனிக் கதை தன் பழத்தைத் தமிழ்நாட்டுப் பிள்ளையார் துதியிலிருந்து எடுத்துக்கொண்டது. தன் கோபத்தை மணப்பந்தயக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது. பழம் உள்ளூர்ச் சரக்கு. கோபம் இரவல். பெரிய இழப்புக்கு அளவெடுத்துத் தைத்த கோபத்தைச் சிறிய இழப்புக்கு அணிவித்ததால்தான் அது தொளதொளவென்று நிற்கிறது. பெண்ணை ஏன் அப்படியே கொண்டுவர முடியவில்லை என்பதற்கு நம்பியின் வெண்பாவே விடை. தமிழ் முருகன் வள்ளியின் கொழுநன். பரிபாடல் காலத்திலேயே அவனுக்கு இரண்டு மனைவியர். அவர்களுக்குள் ஊடலும் உண்டு. அவனைப் போய் மணமாகாமையால் மனமுடைந்தவன் என்று இந்த மண்ணில் எவரும் சொல்ல முடியாது. வடக்கிலும் மகாபாரதம் கந்தனுக்குத் தேவசேனையை மணம் முடிக்கிறது. சிவபுராணக்காரர் அதை மறந்தாரோ மறைத்தாரோ தெரியவில்லை. ஆனால் அவர் சொன்ன பிரமசாரி வடக்கில் ஊன்றிவிட்டான். ஹரியானாவின் பெஹோவாவில் உள்ள கார்த்திகேயன் கோயிலுக்குள் பெண்கள் போவதில்லை என்ற வழக்கத்தை நம் ஊர்ப் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள். பழனிப் படிகள் 693-ஐயும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி இறங்குபவர்கள், வேடிக்கையாகச் சிரிப்பார்கள்.

இடைக்காலக் கதை ஒன்று குழந்தைக் கதையாகும்போது இப்படி எதையாவது மாற்றி வைத்துக்கொள்வது உலகெங்கும் நடந்திருக்கிறது. ‘உறங்கும் அழகி’யை எடுத்துக்கொள்ளலாம். 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வீரகாவியமான ‘பெர்ஸ்ஃபொரே’யில் ஸெல்லாந்தீன் என்னும் இளவரசி மாயத் துயிலில் கிடக்கிறாள். அவளை விரும்பிய த்ரோய்லஸ் அந்த நிலையிலேயே அவளைக் கூடுகிறான். அவள் துயிலிலேயே பிள்ளை பெறுகிறாள். பால் தேடிய குழந்தை அவள் விரலைச் சப்ப, அங்கே தைத்திருந்த சணல்நார் வெளிவந்து விழித்துக்கொள்கிறாள். 1634-36-இல் அச்சான பசீலேயின் இத்தாலியத் தொகுப்பில் வரும் ‘சூரியன், சந்திரன், தாலியா’ கதையில் அதே நிகழ்ச்சி. இப்போது வந்தவன் ஏற்கனவே மணமான அரசன். அவன் மனைவி பொறாமையால் தாலியாவின் குழந்தைகளைச் சமைக்கச் சொல்கிறாள். 1697-இல் பெரோ இதைப் பிரெஞ்சில் சொல்லும்போது இளவரசனுக்கு வேறொரு மனைவி இருப்பது நாகரிகக் குறைவாகப்பட்டிருக்க வேண்டும். குழந்தைகளைத் தின்ன ஆசைப்படுபவளை அவர் மாமியாராக்கி, அவள் அரக்கர் குலத்தவள் என்று ஒரு காரணமும் கொடுத்தார். 1812-இல் கிரிம் சகோதரர்கள் முத்தத்தோடும் கல்யாணத்தோடும் கதையை முடித்து, மிச்சத்தை விட்டுவிட்டார்கள்.

பெரோவின் மாமியாரைப் பற்றி எனக்குப் பல நாள் யோசனை. மருமகளையும் பேரக்குழந்தைகளையும் தின்ன வேண்டும் என்ற வெறி ஒரு மாமியாருக்கு ஏன் வரவேண்டும்? பசீலேயைப் படித்தால் புரிகிறது. அது ஏமாற்றப்பட்ட மனைவியின் வெறி. ஆள் மாறியபின்னும் வெறி மட்டும் பழைய சூட்டோடு அங்கேயே நின்றுவிட்டது. அதற்கு விளக்கம் சொல்லத்தான் அரக்கர் குலம். நமக்கு ஞானப்பழம், அவர்களுக்கு அரக்கர் குலம். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. காரணத்தை எடுத்துவிட்ட பிறகு எஞ்சி நிற்கும் உணர்ச்சிக்கு முட்டுக்கொடுக்கின்றன.

யார் யாரிடம் வாங்கினார் என்பதில் ஒரு கேள்வி எழும். நம்பியின் வெண்பாவைவிடக் குமார காண்டம் மூத்தது என்று நான் வாதிட மாட்டேன். பந்தயம் என்ற கூறு இரண்டுக்கும் முந்தைய வாய்மொழியாக இருந்திருக்கக்கூடும். பழனிக்கு வந்து சேர்ந்தது எது என்பதே என் அக்கறை. சிவபுராணக்காரர் கிரௌஞ்சத்தை நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். கோடிருத்திர சங்கிதையில் அதே கதை ஸ்ரீசைலத்து மல்லிகார்ச்சுனத்தின் தலவரலாறாகிறது. கோபித்துக்கொண்டு போன பிள்ளை நின்ற மலை முதலிலேயே ஒரு தென்னாட்டு மலைதான். அங்கிருந்து கொங்கு எல்லைக்கு ஒரு கதை நடந்து வருவது பெரிய தூரமல்ல. யாத்திரிகர்கள் அதைவிடக் கனமானவற்றையெல்லாம் சுமந்து வந்திருக்கிறார்கள். பழனியில் மலையே இரவல்தானே! அகத்தியருக்காக இடும்பன் காவடி கட்டித் தூக்கிவந்த சிவகிரியும் சக்திகிரியும் இறக்கிவைத்த இடத்திலேயே தங்கிவிட்டன என்பதுதானே அந்த ஊரின் இன்னொரு கதை.

15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடிய விநாயகர் திருப்புகழ் ஒன்றில், தந்தையை வலம்வந்து கனி பெற்றதும், தம்பிக்காகக் காட்டுக்கு வந்து நின்றதும் அடுத்தடுத்து இரண்டு தொடர்களாக வருகின்றன. அதாவது, தம்பியின் பழத்தைத் தட்டிக்கொண்ட அதே அண்ணன், வள்ளி மிரள யானையாக வந்து தம்பியின் காதலை முடித்துவைக்கிறான். வடக்கே தம்பியை முந்திக்கொண்டு மணந்த அண்ணன், தெற்கே தம்பிக்கு மணம் கூட்டுகிறான். இந்த ஒரு திருப்பத்துக்காகவே தமிழ் மரபை எனக்குப் பிடிக்கும். கணக்கு நேராகிவிட்டது என்று அருணகிரியார் நினைத்திருக்கலாம். பிறகு பாலசுப்பிரமணியக் கவிராயரின் பழனித் தலபுராணமும் கோயில் வழக்கும் வேரூன்றி, பழமும் கோபமும் குன்றும் ஒன்றாகிவிட்டன.

இந்தப் பிணைப்பு எவ்வளவு தளர்வானது என்பதைப் பழனிக் குன்றின் அடிவாரத்திலேயே பார்க்கலாம். மேலே தண்டாயுதபாணி துணையின்றித் தனியாக நிற்கிறார். கீழே திருஆவினன்குடிக் கோயிலில் அவரே குழந்தை வேலாயுதர், மயில்மேல் அமர்ந்திருக்கிறார். ஊருக்குள் பெரியநாயகி அம்மன் கோயிலில் தைப்பூசத்தின்போது வள்ளி தெய்வானையோடு முத்துக்குமாரசுவாமிக்குத் திருக்கல்யாணம் நடக்கிறது. ஒரே ஊரில் குழந்தை, மணமகன், துறவி. மேலே உள்ள துறவிக்கும் நாள்தோறும் ஆண்டிக்கோலம் கலைந்து இராஜ அலங்காரம் ஆகிவிடுகிறது. ஆண்டிக்கோலத்தைவிட இராஜ அலங்காரத்தில் தரிசிப்பதே நல்லது, ஆண்டிப் படத்தை வீட்டில் மாட்டக்கூடாது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் உறுதியாக நம்புகிறார்கள். கதை சொன்ன கோபத்தை மக்கள் வீட்டுக்குள் விடுவதில்லை.

கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். மேலைநாட்டில் பிறந்து, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இந்து சமயத்தைத் தழுவிய லீலாவதி அம்மையார் 1936-இல் எழுப்பியது. நீலக்குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பூத்தபோது கூட்டம் அலைமோதிய இடம். மேகம் விலகும் வேளையில் வடபுறம் நின்று பார்த்தால் சமவெளியும் அதில் பழனிக் குன்றும் தெரியும். 7000 அடி உயரத்திலிருந்து பார்க்கையில் அந்தக் குன்று, யாரோ நடந்து போகும்போது கீழே வைத்துவிட்டு மறந்த ஒரு பொருள்போல் இருக்கிறது. இடும்பன் கதையை இங்கே நின்று இட்டுக்கட்டியிருப்பார்களோ என்று தோன்றும். மலைக்கு இந்தப் பக்கம் பழக்கதைக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. பூம்பாறையிலும் குழந்தை வேலப்பர்தான். உறங்கிக்கொண்டிருந்த அருணகிரியாரைக் கொல்ல வந்த அரக்கியைத் தடுக்க முருகன் குழந்தையாக வந்தான் என்பது அங்கே சொல்லும் கதை. வகுப்பில் கேள்வி கேட்ட அந்த மாணவி அடுத்த வாரம் என்னிடம் வந்து சொன்னது: “எங்க ஊர்ச் சாமி யார்கூடவும் சண்டை போட்டுட்டு வரல மேடம். அவரு அங்கயே இருக்காரு.”

பழத்தைப் பற்றி இன்னொரு சொல். கிடைக்காத மாம்பழத்துக்கு ஈடாக இன்று பழனி ஆண்டவருக்குக் கிடைப்பது வாழைப்பழம். பஞ்சாமிர்தத்துக்கு உகந்தது எங்கள் ஊருக்கு அருகில் உள்ள விருப்பாச்சியின் மலைவாழை. 2008-இல் அந்த வாழையும் 2019-இல் பஞ்சாமிர்தமும் புவிசார் குறியீடு பெற்றுவிட்டன. முடிக்கொத்து நோய் வந்து கீழ்ப்பழனி மலைகளில் மலைவாழைத் தோட்டங்கள் பெருமளவு அழிந்துபோன பிறகும், அந்தப் பழம் இல்லாமல் சுவை சேராது என்று வயதானவர்கள் சாதிக்கிறார்கள். ஒருவனுக்கு மட்டும் என்று வந்த பழக்கதையின் ஊரில் பழம் பிசைந்து எல்லோருக்கும் போகிறது.

நான் இந்தக் கதையின் பின்னால் இத்தனை நாள் சுற்றியதற்கு இலக்கிய ஆர்வம் மட்டும் காரணமென்று சொல்ல முடியாது. எங்கள் வீடு ஒட்டன்சத்திரம் பக்கம். எனக்கு ஒரு தம்பி. பண்டத்துக்காக நாங்கள் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் அப்பத்தா பழனிக் கதையைத்தான் எடுப்பார். “அப்பனையும் ஆத்தாளையும் சுத்துனாப் போதும்டா, ஊரெல்லாம் எதுக்குச் சுத்தோணும்” என்பார். 2009-இல் தம்பி தனக்குப் பிடித்த பெண்ணை மணக்க அனுமதி கேட்டான். அப்போது நான் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன், எனக்கு மணமாகியிருக்கவில்லை. எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை என்று சொல்லியும் அப்பா கேட்கவில்லை. “மூத்தவ இருக்கையில இளையவனுக்கு என்ன அவசரம்?” என்பதற்குமேல் அவரிடம் பேச்சு இல்லை. தம்பி பதிவுத் திருமணம் செய்துகொண்டு திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் வேலை. பிறகு சொந்தமாகச் சிறு தொழில். எனக்கு மூன்று ஆண்டுகள் கழித்து மணமானது. அதன்பின் தடை ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அம்மா மாதம் ஒருமுறை பேருந்தேறித் திருப்பூர் போய் வருகிறார். அப்பா போனதில்லை. அவருக்கு இப்போது 78 வயது. ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு ஊர்க்காரர்களோடு பழனிக்கு நடந்தே போகிறார். சுமார் 30 கிலோமீட்டர். முட்டிவலியோடு சென்ற ஆண்டும் போனார். பெற்றோரைவிட்டுப் போன ஒரு பிள்ளையைப் பார்க்க இத்தனை தூரம் நடக்கிறோம் என்று அவருக்குத் தோன்றுமா, தெரியாது. நான் கேட்டதில்லை. பக்தியைக் குறுக்கு விசாரணை செய்வது என் வேலையுமல்ல.

குமார காண்டத்தைத் தமிழ் மொழிபெயர்ப்பில் முதலில் படித்தபோது பந்தயத்தைவிட அதன் பின்கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிள்ளை கிரௌஞ்சத்தில் இருக்கிறான். தாய் துயரப்பட்டுக் கணவரை அழைத்துக்கொண்டு அங்கே போகிறாள். அவர்கள் வருவதை அறிந்ததும் குமரன் இன்னும் மூன்று யோசனை தூரம் தள்ளிப் போய்விடுகிறான். பெற்றோர் திரும்பி வீட்டுக்குப் போகவில்லை. மகன் விட்டுப்போன இடத்திலேயே சோதி வடிவாகத் தங்கிவிடுகிறார்கள். அமாவாசைதோறும் தந்தையும் பௌர்ணமிதோறும் தாயும் மகன் இருக்குமிடம் போய்ப் பார்த்துவருகிறார்கள். ‘பழம் நீ’ என்று ஒரு சொல்லில் சமாதானம் செய்துவிடும் நம் கதையைவிட இது எனக்கு உண்மையாகப் படுகிறது. அங்கே கோபம் தீர்வதில்லை. பார்க்கப் போவது மட்டும் நிற்பதில்லை. இரவல் வாங்கியவர்கள் இந்தப் பகுதியையும் முழுதாக வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அல்லது வாங்கத் தேவையில்லாமல் இங்கேயே இருந்ததோ? பழனி மலைக்கு முருகனுக்கு நிகரான இன்னொரு பழைய தலைவன் உண்டு: ஆவியர் குடியின் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிப்பிள்ளைகளுக்கும் தெரியும். அவன் மனைவியைப் பிரிந்து வேறொருத்தியிடம் தங்கியிருந்ததைப் பள்ளியில் சொல்வதில்லை. அவள் பெயர் கண்ணகி. புறநானூற்றுக் கொளுக்கள் தரும் செய்தி. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காக அவனிடம் பேசியிருக்கிறார்கள். புறநானூறு 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள். நால்வர் ஒருவனிடம் போய், வீட்டுக்குப் போ என்று கெஞ்சிய நிகழ்ச்சி சங்க இலக்கியத்தில் வேறெங்கும் இவ்வளவு விரிவாக இல்லை. மலைநாட்டில் இருக்கும் ஒருவன், பிரிந்துபோன வீடு, அவனைத் திருப்பி அனுப்ப ஏறிவரும் மனிதர்கள். நக்கீரரின் ஊர்வலத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேண்டிக்கொண்டு வருபவர்களை ஏற்கும் இடமாகவே இந்த மலை வெகுகாலம் இருந்திருக்கிறது. பழனிக் கதையின் கடைசிக் காட்சியில் பெற்றோரும், பின்னாளில் ஔவையும் வந்து நிற்பது இந்தப் பழைய தடத்தில்தான் என்பது என் ஊகம். ஆவணம் காட்ட முடியாது.

பரணரின் பாட்டை வகுப்பில் நடத்தும்போது என் குரல் சற்று மாறிவிடும் என்று மாணவிகள் சொல்வதுண்டு. நாங்கள் பசித்து வரவில்லை, எங்களுக்குச் சுற்றத்தாரின் சுமையும் இல்லை, நாங்கள் கேட்கும் பரிசில் ஒன்றே, இன்றிரவு நீ தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்க்க வேண்டும் என்கிறார் அவர். மயில் போர்வையைப் போர்த்திக்கொள்ளுமா என்றுகூட யோசிக்காமல் கொடுத்தவனிடம் கேட்கும் கேள்வி. அரிசில்கிழாரும் அணிகலன் வேண்டாம், குதிரையைத் தேரில் பூட்டு என்றே கேட்கிறார். பேகன் என்ன விடை சொன்னான், அன்றிரவு தேர் புறப்பட்டதா என்று ஐந்து பாட்டிலும் இல்லை. உரைகாரரும் சொல்லவில்லை.